சென்டிமீட்டருக்கு இருபத்தெட்டு

அலுவலகத்தில் அவளுக்கு அங்குலக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும் அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. அவளும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் கொடுத்ததுபோல் சூடிக்கொண்டிருந்தாள். பக்க வடிவமைப்பில் பத்தொன்பது வருஷம். பாடநூல், கையேடு, ஆண்டறிக்கை, அழைப்பிதழ் என்று அவள் கை படாத காகிதம் கிடையாது. அங்குலத்துக்கு எழுபத்திரண்டு பாயின்ட் என்ற அச்சுக் கணக்கில்தான் எழுத்தையும் அளப்பாள், பக்கத்தையும் அளப்பாள்.

போன வருஷம் மேலாளர் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனிமே எல்லாரும் மில்லிமீட்டர்லயே வேலை பாருங்க. பேப்பர் மில்லிமீட்டர்ல வருது, வெட்டுற மெஷின் மில்லிமீட்டர்ல வெட்டுது. நடுவுல நாம மட்டும் எதுக்கு வேற பாஷை பேசணும்?"

எல்லாரும் கணினியில் மாற்றிக்கொண்டார்கள். அங்குலக்காவும் மாற்றினாள். மேலாளர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் பழையபடி திருப்பிவைத்துக்கொண்டாள். "எழுத்து பாயின்ட்ல, பக்கம் மில்லிமீட்டர்லன்னா ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியிற மாதிரி" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

கேட்பவர்கள் சென்டிமீட்டரில் கேட்டால் மனக்கணக்காகவே மாற்றிவிடுவாள். சென்டிமீட்டருக்கு இருபத்தெட்டு பாயின்ட். சுத்தமாகப் பார்த்தால் இருபத்தெட்டும் சொச்சமும். ஒரு பாயின்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக வரும் அந்தச் சொச்சத்தை அவள் விட்டுவிடுவாள். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடம் கேட்ட பக்கத்தில் ஒரு மயிரிழை குறைந்தால் யார் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள்? பத்தொன்பது வருஷமாக யாரும் வரவில்லை.

அப்படித்தான் அந்தக் கையேடும் அவளிடம் வந்தது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் செவிலியர்களுக்கான கையேடு. கடைசித் தாள் மட்டும் கிழியாத பிளாஸ்டிக் காகிதம். அதில் ஒரு நாடா அச்சாகியிருக்கும். வெட்டியெடுத்துக் குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்க வேண்டும். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் சிவப்பு, குழந்தையை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் வரை மஞ்சள்; சத்துள்ள சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கலாம். அதையும் தாண்டினால் பச்சை.

நாடாவை ஒரு மதியத்தில் வரைந்து முடித்தாள். இருபத்தெட்டு பாயின்டுக்கு ஒரு கோடு, நடுவில் ஒன்பது சின்னக் கோடு, அடியில் மூன்று வண்ணம். பார்க்க லட்சணமாக இருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேசைப் பக்கம் வந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"இத ஸ்கேல் வச்சு ஒரு தடவ பாத்துட்டீங்களாம்மா?"

"என் கண்ணுதான் சார் ஸ்கேல். நீங்க போய் ஒற்றுப்பிழையப் பாருங்க" என்றாள். அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, ஒற்றுப்பிழை பார்க்கப் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவளுடைய நாத்தனார் வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவனின் தங்கை, அதே வீட்டில் மாடி அறையில் இருக்கிறாள். பதினாறு வருஷமாகச் செவிலி. நாற்பதை நெருங்கியும் அண்ணனுக்கு அவள் குட்டிதான்.

"என்ன குட்டி, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றான் அவன்.

"நாளையிலேருந்து பயிற்சிக்குப் போறேண்ணா. புதுசா சேந்த பொண்ணுங்களோட உக்காந்து அளக்கக் கத்துக்கணுமாம்."

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் எதிரே வந்து உட்கார்ந்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை அவள் அளந்திருந்தாள். நாடா பதினொன்றரையைச் சற்றே தாண்டியது. மஞ்சள் என்று எழுதி, குழந்தைக்கு என்னென்ன கொடுப்பது என்று அதன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். நேற்றுக் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு துவண்டுபோய், தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே டாக்டர் தன்னிடமிருந்த நாடாவால் அளந்தால் சிவப்பு.

"ரெண்டு வாரத்துல இப்படி எளைக்காது, அப்பவே சிவப்பாதான் இருந்திருக்கும்னு சொல்றாரு. அந்த வார்டுல எல்லார் முன்னாடியும், அளக்கக்கூடத் தெரியாதான்னு கேட்டாரு. அந்த அம்மா ஒரு பக்கம் வாய்க்கு வந்தபடி பேசுது. நான் என்னன்னு பதில் சொல்றது?"

பையிலிருந்து நாடாவை எடுத்தாள். மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றி இழுத்தாள், பார்த்தாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "தளர விட்டுட்டேன் போல. வயசாயிடுச்சு, கை நிதானம் போயிடுச்சு போல."

"உன் கையில தப்பு இருக்காது. அந்த நாடாவுல ஏதாவது இருக்கும்" என்ற கணவன், மனைவி பக்கம் திரும்பினான். "இது உங்க ஆபீஸ்ல பண்ணதுதானே?"

"ஆமா" என்றாள் அங்குலக்கா.

"சும்மா இருண்ணா" என்றாள் நாத்தனார். "அண்ணி பண்ணதுல தப்பு வருமா? என் கைதான்." பிறகு சாப்பிட உட்கார்ந்தவள், தட்டில் போட்டதைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

நாடாவில் ஏதாவது இருக்குமா என்று அங்குலக்கா தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பாத்திரங்களை எடுத்துக் கழுவப் போட்டாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு எல்லாருக்கும் முன்பாகப் போனாள். கையேட்டின் ஒரு பிரதியையும் எஃகு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு, பழைய காகிதம் அடுக்கிவைக்கும் அறைக்குள் நுழைந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். நாடாவின்மேல் ஸ்கேலை வைத்தாள். நாடாவில் பதினொன்றரை என்றிருந்த கோடு, ஸ்கேலில் பதினொன்று புள்ளி நான்கைக்கூடத் தொடவில்லை. ஸ்கேலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். வேறொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். எங்கேயும் அப்படித்தான்.

கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் அவள் உதறிவிட்ட சொச்சம், பதினொன்றரை சென்டிமீட்டரில் சேர்ந்து நான்கு பாயின்ட் ஆகியிருந்தது. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடுகள் நெருங்கிவிட்டதால் மெலிந்த கை நாடாவில் ஒரு படி பருமனாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் கையை நாத்தனார் சரியாகத்தான் அளந்திருக்கிறாள்.

மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் அறையைவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருந்தார்கள். "என்ன அங்குலக்கா, இவ்ளோ சீக்கிரம்?" என்று ஒருத்தி கேட்டாள். மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்தார். அங்குலக்கா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் கணினியை மில்லிமீட்டருக்கு மாற்றினாள். கையேட்டின் கோப்பைத் திறந்து, நாடாவை அழித்து, பத்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகப் புதிதாக வரைந்தாள். இருபது நிமிஷ வேலை. அதே பெயரில், பழைய கோப்பின்மேலேயே சேமித்தாள். அடுத்த அச்சுக்காவது சரியாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் எதற்காகச் செய்கிறோம் என்பது, சேமிக்கும் பொத்தானை அழுத்திய விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் ஒரு புதுநோட்டோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பிடும்போது ஏதாவது பேச வேண்டுமே என்று, "பயிற்சி எப்படி இருந்துச்சு?" என்று அங்குலக்கா கேட்டாள். "இருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

வியாழக்கிழமை காலை, கையேட்டைச் செய்யச் சொல்லியிருந்த குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு சுகாதார மையத்தில் யாரோ நாடாவை ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். அளவு பொருந்தவில்லை, உடனே விளக்கம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கோப்பைத் திறக்கச் சொன்னார். அவரே குனிந்து, திரையில் நாடாவை அளந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"பதினொன்னரை. கரெக்டா இருக்கு. அப்ப அச்சகத்துலதான் சுருக்கி அடிச்சிருக்காங்க. நல்லவேளை, நம்ம பக்கம் சுத்தம்."

அங்குலக்கா கோப்பை மூடினாள்.

மதியம் அச்சகக்காரர் வந்தார். வெயிலில் வந்த வேர்வையோடு, கையேட்டின் ஐந்து பிரதிகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அச்சுக்கு அனுப்பிய கோப்பு அவரிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லையாம். தன் ஸ்கேலை எடுத்துப் பக்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் மேலாளருக்குக் காட்டினார்.

"இருநூத்திப் பத்து, நூத்தி நாப்பத்தெட்டு. பக்கம் சரியா இருக்கு சார். படமெல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. கோடு மட்டும் எப்படி சார் சுருங்கும்?"

"அத நீங்கதான் சொல்லணும். எங்க ஃபைல் சரியா இருக்கு, இதோ, கண்ணால பாருங்க."

அச்சகக்காரர் திரையைப் பார்த்தார். அப்புறம் அங்குலக்காவை ஒரு தடவை பார்த்தார். ஒரு விநாடிதான். "சரி சார். மெஷின்ல நிக்கிறவர் இருபது வருஷமா நிக்கிறாரு. போய் அவரக் கேக்கறேன்" என்று பிரதிகளை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. அங்குலக்கா தன் மேசைக்கு வந்தாள். எந்த வேலையையும் தொட முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அச்சகக்காரர் இன்னும் போகவில்லை. ஸ்கூட்டர் இருக்கைமேல் கையேட்டை விரித்துவைத்து, உச்சி வெயிலில் தன்னந்தனியாக நின்று, ஸ்கேலை வைத்துப் பக்கத்தை மறுபடி அளந்துகொண்டிருந்தார். செருகியிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டார். தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாட்டிலைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்த நாத்தனாரின் கை அவள் கண்முன் வந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் எதிரே போய் நின்றபோது மூச்சு வாங்கியது.

"மெஷின்காரர ஒன்னும் கேக்காதீங்க சார். நான்தான் தப்பா வரைஞ்சேன்."

அவர் ஸ்கேலைக் கையேட்டின்மேல் வைத்தார். "ஃபைல் சரியா இருக்கேம்மா."

"நேத்து மாத்திட்டேன்."

தெருவில் ஒரு லாரி போனது. அது போய் முடியும் வரை அவர் காத்திருந்தார்.

"தப்பா வரைஞ்சதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். நானும் பக்கத்தத் தலைகீழா அடிச்சவன்தான். நேத்து செஞ்சீங்க பாருங்க…" வாக்கியத்தை முடிக்காமல் கையேட்டை மூடினார். "மேல போய் நீங்களே சொல்லுங்க. நான் வரல. நான் வந்தா, கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிடும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மதிப்போடு பேசியதுதான் அவளைத் தலைநிமிர முடியாமல் செய்தது.

மேலாளரிடம் சொன்னபோது அறைக்கதவு திறந்தே இருந்தது. சாத்தலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, சாத்தாமல் விட்டாள். இருபத்தெட்டைச் சொன்னாள், சொச்சத்தைச் சொன்னாள், புதன்கிழமை கோப்பை மாற்றியதையும் சொன்னாள். வெளியே விசைப்பலகைச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

மேலாளர் கத்தவில்லை. "எத்தன குழந்தைங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு நாளில் அந்தக் கேள்வியை அவள் ஒரு தடவைகூடத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தன் பெயரைத்தான் நினைத்திருக்கிறாள், தன் நாற்காலியைத்தான் நினைத்திருக்கிறாள்.

அவர் போனை எடுத்தார். முதல் அழைப்பு குழந்தைகள் நலப் பிரிவுக்கு: எந்த மையத்திலும் இனி அந்த நாடாவைத் தொட வேண்டாம், மஞ்சளின் விளிம்பில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் வேறு நாடாவால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அழைப்பு அச்சகக்காரருக்கு. "மன்னிச்சுக்கங்க, நான் அவசரப்பட்டுட்டேன்" என்று அவர் சொல்லும்போது அங்குலக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது மெய்ப்புப் பார்க்கிறவர் எழுந்து நின்றிருந்தார்.

"நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் தயங்கித் தயங்கி. "நீங்க என்ன சொன்னாலும் நான் ஒரு தடவ வச்சுப் பாத்திருக்கணும்."

"ஐயோ, வேணாம் சார்" என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்து செருப்பைக் கழற்றும்போதே அங்குலக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. தள்ளிப்போட்டால் மறுபடி வாய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்தாள். நாத்தனார் நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்தபடி கேட்டாள்.

"எப்ப தெரியும் அண்ணி?"

"நேத்து காலையில."

"நேத்து காலையில." நாத்தனார் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப நேத்து பூராவும் பத்தொம்பது வயசுப் பொண்ணுங்களோட உக்காந்து, பொம்மைக் கையில நாடா சுத்திட்டிருந்தேன். இன்னைக்கும் அதேதான். 'என்ன சிஸ்டர், நீங்களா'ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு."

நாத்தனார் கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"தப்பு யாருக்கும் வரும். அத நான் சொல்லல. நேத்து சாப்பிடும்போது, பயிற்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களே அண்ணி. தெரிஞ்சுக்கிட்டேதானே கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன்."

கணவன் உள்ளேயிருந்து வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான். நாத்தனார் மாடிப்படி ஏறினாள். பாதியில் நின்று, திரும்பாமலேயே சொன்னாள்:

"சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். வாங்க. அந்தக் குழந்தைய நீங்க பாக்கணும்."

சனிக்கிழமை இருவரும் போனார்கள். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை; நாத்தனார் வழிநெடுக வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். குழந்தைகள் பிரிவில் ஜன்னலோரக் கட்டில். குழந்தை விழித்திருந்தது. மூக்கில் மெல்லிய குழாய். போர்வைக்கு வெளியே கிடந்த கையை அங்குலக்கா பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ அளவுகளைத் திரையில் இழுத்திருக்கிறாள், நகர்த்தியிருக்கிறாள். ஒரு அளவு இப்படி மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

குழந்தையின் அம்மா இவர்களைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டாள். நாத்தனாரோடு அன்று சண்டை போட்டவள்தானே. அங்குலக்கா கட்டிலுக்கு அருகே போனாள். பேருந்தில் வரும்போது என்னென்னவோ கோத்துவைத்திருந்தாள், எல்லாம் கலைந்துபோயிற்று.

"இவங்க அளந்தது சரிதாம்மா. நாடாவுலதான் கோடு தப்பு. அந்தக் கோடு நான் போட்டது. அதனாலதான் அன்னைக்கே சிவப்புன்னு தெரியாமப் போச்சு. என்னால வந்தது."

குழந்தையின் அம்மா அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். அந்த அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அப்ப சிஸ்டர் தப்பா அளக்கலயா?"

"இல்லம்மா" என்றாள் அங்குலக்கா.

"கடவுளே, நான் உங்கள என்னென்ன பேசிட்டேன்" என்று அந்த அம்மா நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஊர் கேக்கப் பேசிட்டேன் சிஸ்டர். மனசுல வச்சுக்காதீங்க." அவள் முகம் வெட்கத்தில் சுருங்கிப்போயிற்று. நாத்தனார் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அங்குலக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. இந்த மூன்று நாளில் அச்சகக்காரர் தன்னைத்தானே சந்தேகப்பட்டார், மேலாளர் மன்னிப்புக் கேட்டார், மெய்ப்புக்காரர் பழியில் பங்கு கேட்டார், இப்போது இந்த அம்மாவும். அவள் செய்த தப்புக்கு ஊரில் எல்லாரும் கூசிப்போகிறார்கள், அவளைத்தான், நாத்தனாரைத் தவிர, ஒருத்தரும் ஒரு சொல் சொல்லமாட்டேன் என்கிறார்கள். குழந்தை குழாயோடு தலையைத் திருப்பி அவளை வெறுமே பார்த்தது. பதிலுக்குப் பார்க்க அவளால் முடியவில்லை.

மறுபடி அளந்ததில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வந்தார்கள். எல்லாரையும் சிகிச்சையில் சேர்த்தார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரக் குழந்தை பதினோராம் நாள் வீட்டுக்குப் போனது. நாத்தனாரின் பயிற்சி உத்தரவை ரத்து செய்தார்கள். டாக்டர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தார் என்று அண்ணனிடம் சொன்னாளாம். அங்குலக்காவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். கோப்பை மாற்றியதைப் பற்றி அதில் எழுதாமல் மேலாளர் விட்டிருந்தார். அவள் அதைத் திருப்பிக் கொண்டுபோய், அதையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபின் நாத்தனார் அவளோடு பேச ஒன்பது நாள் ஆயிற்று. பேசியதும் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் அவசர அவசரமாகப் படியிறங்கி வந்தவள், "அண்ணி, மாடியில குழாய் ஒழுகுது, ஆளக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அங்குலக்கா சரி என்றாள். குழாய்க்காரரைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை மாடியில் வாளியை வைத்துவிட்டு, அது நிரம்ப நிரம்ப மாற்றிக்கொண்டிருந்தாள்.